சவானாவில் ஒரு வார இறுதி: முட்டிவலிக்காரர்களுக்கும் சேர்த்து

அட்லாண்டாவில் இருப்பவர்களுக்குக் கடல் பார்க்க ஆசை வந்தால் அதே ஜார்ஜியா மாநிலத்தின் கடலோரப் பழைய நகரமான சவானாதான் சௌகரியம். மேக்கன் நகரம் வரை ஐ-75 நெடுஞ்சாலை, அங்கிருந்து ஐ-16. சுமார் 250 மைல். ஐ-16இல் வழி நெடுகப் பைன் மரங்களைத் தவிரப் பார்க்க ஒன்றும் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை மாலையே கிளம்பி, புளியோதரையை வண்டியிலேயே முடித்துவிட்டு, இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம்.

ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். அவருக்கு முட்டிவலி. அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தோம். "சார்ல்ஸ்டனையும் பார்த்துடலாமே, ரெண்டு மணி நேரம்தானே?" என்றார் கணவர். நான் சம்மதிக்கவில்லை. இரண்டு ஊருக்கு ஆசைப்பட்டால் காரைத்தான் அதிகம் பார்ப்போம். மாதம் நவம்பர். மார்ச்சில் செயின்ட் பேட்ரிக் தினம் என்ற ஐரிஷ் திருவிழாக் கூட்டம் தாங்காது, கோடையில் புழுக்கம் நம் சென்னைக்குச் சளைத்ததல்ல.

நெடுஞ்சாலை ஓரத்து விடுதிகள் மலிவுதான். ஆனாலும் பழைய நகருக்குள்ளேயே அறை எடுங்கள். 1733இல் ஜேம்ஸ் ஓகல்தோர்ப் சதுக்கங்களை நடுவில் வைத்து இந்த ஊரை வகுத்தார். அதே முறையில் வளர்ந்து 24 சதுக்கங்கள் ஆகி, இப்போது 22 மிச்சம். ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சில நிமிட நடைதான். ஓக் மரங்களில் சாம்பல் நிறப் பாசி சடை சடையாகத் தொங்குகிறது (அன்னாசிக் குடும்பத்துச் செடியாம்!). நிழலுக்குக் குறைவில்லை, உட்காரப் பெஞ்சும் உண்டு. அத்தை ஒவ்வொரு சதுக்கத்திலும் கொஞ்சம் உட்கார்ந்து, அப்புறம் நடந்து, ஃபோர்சைத் பூங்காவின் நீரூற்று வரை வந்துவிட்டார். ரிவர் ஸ்ட்ரீட்டுக்கு மட்டும் அவரை அழைத்துப் போகவில்லை. பழைய கப்பல்கள் அடிப்பாரத்துக்காகக் கொண்டுவந்த கற்களைப் பதித்த தரை, செங்குத்தான படிகள்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், ஃபிராங்க்ளின் சதுக்கத்தில் உள்ள ஃபர்ஸ்ட் ஆப்ரிக்கன் பேப்டிஸ்ட் சர்ச்சுக்குப் போங்கள். அடிமைகளாக இருந்தவர்கள் பகல் வேலை முடிந்த பிறகு கட்டியது, 1859இல் நிறைவடைந்தது. தரைப் பலகையில் ஒரு வடிவமாகத் துளைகள் இருக்கின்றன. தப்பி ஓடி வந்தவர்கள் அடியில் ஒளிந்திருந்தபோது மூச்சுவிட அவை உதவின என்கிறார்கள். அதே 1859 மார்ச்சில்தான் ஊருக்கு வெளியே குதிரைப் பந்தயத் திடலில், கொட்டும் மழையில், 400க்கும் மேற்பட்டவர்களை இரண்டு நாள் ஏலம் விட்டார்கள். இத்தனைக்கும் ஆரம்பத்தில் அடிமை முறைக்குத் தடை இருந்த குடியேற்றம் இது! 1751இல் அந்தத் தடை போய்விட்டது. அழகான வீடுகளைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காலர்ட் கீரை பார்க்க அப்பாவியாக இருக்கும். பெரும்பாலும் பன்றிக்கறி போட்டுத்தான் வேகவைப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். இறால் இல்லாத கிரிட்ஸ் (மக்காச்சோள ரவைக் கஞ்சி) அத்தைக்குப் பிடித்தது, ஊறுகாயோடு.

ஞாயிறு காலை டைபீ தீவு, 18 மைல். ஒரே சாலைதான், பெரிய கடல் ஏற்றத்தின்போது அதில் தண்ணீர் ஏறிவிடும். நேரம் பார்த்துக் கிளம்புங்கள். கலங்கரை விளக்கத்துக்கு 178 படி. நாங்கள் ஏறி இறங்குவதற்குள் அத்தை கீழே ஒரு டெக்சாஸ் பாட்டியோடு சிநேகமாகிவிட்டார்.