மீன் இல்லாத நாளிலும் ஸ்பாஞ்சுக்குத் தீனி

கோயம்புத்தூரில் ஒரு கலர் மீன் கடையில் வேலை பார்க்கிறேன். சென்னை கொளத்தூரிலிருந்து பார்சல் வந்ததும் மீன்களை விற்பனைத் தொட்டியில் விட்டுவிட மாட்டோம். இரண்டு வாரமாவது குவாரண்டைன் தொட்டியில் தனியாக வைத்துப் பார்ப்போம். வெள்ளைப்புள்ளியோ துடுப்பு அழுகலோ இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு அதிகக் கவலை, அந்தத் தொட்டி காலியாகக் கிடக்கும் நாட்களைப் பற்றித்தான்.

மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இவை பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் தேவையான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். பார்சல் வரும் அன்று தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பினால், அம்மோனியாவைத் தின்ன அங்கே யாரும் இல்லை. "தண்ணி கண்ணாடியாட்ட இருக்குதுங்க, அப்புறம் ஏனுங்க மீனு சாகுது?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. மீனுக்கு விஷமான அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்குத் தீனியான அம்மோனியாவும் இருக்காது. ஆகவே, காலித் தொட்டியின் ஸ்பாஞ்சு ஃபில்டரை அதிலேயே விட்டுவைக்க மாட்டோம். நோயில்லாத, வெகுநாளாக ஓடும், புது மீன் விடாத ஒரு தொட்டியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அங்குள்ள மீன்களே அதற்குத் தீனி போடுகின்றன. பார்சல் வருகிற நாளில் எடுத்து மாற்றினால் போதும். அழுக்குச் சேர்ந்தால் அதே தொட்டித் தண்ணீரில் பிழிவோம். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

அப்படி ஒரு தொட்டி இல்லாத வீடுகளில், காலித் தொட்டியிலேயே ஏர் பம்ப்பை ஓடவிட்டு அம்மோனியம் குளோரைடு கொஞ்சமாகக் கலக்கலாம். சிலர் மீன் தீனியை ஒரு சிட்டிகை போட்டு அழுகவிடுகிறார்கள். அளவு பிடிபடாது என்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை. பட்டினியை இந்த பாக்டீரியா ஓரளவு தாங்கும், எண்ணிக்கை மெல்லத்தான் குறையும். காய்ந்தால் தாங்காது, காற்றில்லாமல் வாளித் தண்ணீரில் ஊறினாலும் தாங்காது. கரண்ட் போனால் முதலில் பேட்டரி பம்ப்பைத்தான் தேடுவேன்.

நம் ஊர்த் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, தண்ணீரின் காரத்தன்மையில், அதாவது அமிலத்தைத் தாங்கும் திறனில், கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறக்குறைய 7 மில்லிகிராம் செலவாகிவிடும். சிறுவாணியில் அது குறைவாக இருப்பதால், பிஎச் (அமில, கார நிலையைக் காட்டும் அளவு) இறங்கி பாக்டீரியா மந்தமாகும். வீட்டில் யாரும் குடிக்காத போர் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கலப்பது, அல்லது ஒரு பை கிளிஞ்சல் போடுவது இதற்குத் தீர்வு. பிஎச் ஏறினால் அம்மோனியாவின் விஷமும் கூடும் என்பதால் கலப்பதை அளவோடு செய்வோம்.

குவாரண்டைனுக்குப் போன ஸ்பாஞ்சு திரும்ப நல்ல தொட்டிக்கு வராது. பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, நன்றாக அலசி, வெயிலில் காயப்போட்டு, புதுசாகத்தான் தொடங்குவோம். சில மருந்துகள் பாக்டீரியாவையும் பாதிக்கும், அதனால் சிகிச்சை நடக்கும் நாட்களில் தினமும் அம்மோனியா பார்ப்போம். ஒரு ஸ்பாஞ்சை வெளியே எடுத்த அன்றே இன்னொன்றைப் பழைய தொட்டியில் போட்டுவிடுவோம், அது தயாராகவும் சில வாரம் வேண்டும் அல்லவா.