உத்திரமேரூர்: கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லாத சபை

காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் வழியெல்லாம் வயல்தான். உத்திரமேரூரில் இறங்கி வைகுண்டப் பெருமாள் கோயில் எங்கே என்று கேட்டேன். "கல்வெட்டுக் கோயிலா? நேரா போங்க" என்றார் பழக்கடை அம்மா. ஊர்க்காரர்களுக்கு அது கல்வெட்டுக் கோயில்தான்.

கோயில் பெரிதில்லை. மண்டபச் சுவரில் தமிழும் கிரந்தமும் கலந்த எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. பள்ளிக்கூடத்தில் 'குடவோலை முறை' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த விஷயம். அந்தக் கல்லுக்கு எதிரே நிற்கும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

ஊர்ச் சபையின் வேலைகளைப் பார்த்த வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் முறை அது. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சபை கூடியதும் கோயில் பூசாரிகளில் மூத்த நம்பி குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் இன்னொரு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! இந்த ஒரு விதிக்காகவே அவர்களை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மனிதர்கள் எங்கே ஏமாற்றுவார்கள் என்று நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் இது.

919-இல் 30 முதல் 60 வரை என்று இருந்த தகுதி வயது, இரண்டே ஆண்டில் 35 முதல் 70 வரை என்று மாறியிருக்கிறது. சரியாக வராததைத் திருத்தி, திருத்தத்தையும் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமா? சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மாமனார், மருமகன், மைத்துனன் எல்லோரும் வெளியே. உறவு விட்டுப்போகாமல் ஒவ்வொன்றாகச் சொல்கிறது கல்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இது பிராமணர்களுக்கு அளித்த சதுர்வேதிமங்கலம். வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள் போனது. வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் ஓலை இல்லை. இதைச் சொல்லாமல் 'உலகத்துக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்தோம்' என்று மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் போனேன். பெருமாள் கீழ்த்தளத்தில் நின்றும், அடுத்ததில் அமர்ந்தும், மேலே கிடந்தும் காட்சி தருகிறார். அங்கே நெடுநேரம் இருக்கவில்லை, மனசு ஏரியில் இருந்தது.

வைரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் சொல்லும் பல்லவர் கால ஏரி இந்த ஊருடையது. அதைத் தூர்வாரப் பொன் கொடுத்த செய்திகளும் கல்வெட்டில் இருக்கின்றன. சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் தலா 12 பேர் என்றால், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். அவர்கள் பொறுப்பில் இருந்தது 360 நாள். அதற்குள் மழையும் வரும், கோடையும் வரும், கரையும் கசியும்.

சாயங்காலம் ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். கல்வெட்டைப் பற்றிக் கேட்டதும், "அது படிச்சவங்க பாக்குறது தம்பி" என்றார். அப்புறம் அவராகவே மதகு இருக்கும் திசையைக் காட்டி, எந்த மதகுத் தண்ணீர் எந்த வயலுக்கு முதலில் பாயும், கடைசி வயலுக்கு யார் காவல் இருக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.