திருகோணமலையில் வீட்டு சேர்வர்: கரண்ட் போய் வந்த பிறகு

வீட்டு சேர்வர் என்பது குடும்பப் படங்களையும் கோப்புகளையும் வீட்டிலேயே வைத்திருந்து, போன்களிலிருந்து எட்டக்கூடியதாக எந்நேரமும் ஓடுகிற ஒரு கொம்பியூட்டர். அது பற்றிய வழிகாட்டிகளில் பெரும்பாலானவை எந்த மென்பொருளை எப்படி நிறுவுவது என்பதோடு முடிந்துவிடுகின்றன. அது ஒரு பின்னேரத்து வேலை. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலுக்கு அரைக் கிலோமீற்றருக்குள் ஒரு பெட்டியை இரவு பகலாக ஓடவிடப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியவை வேறு. கரண்ட் போய் வந்தால் யாரும் கைவைக்காமல் அது தானாக எழும்புமா? உப்புக்காற்றில் எத்தனை மாரி தாங்கும்?

கொம்பியூட்டரில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. பாவித்த டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி, இந்த மூன்றில் எது கிடைத்தாலும் சரி. 8ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், சிஸ்டத்துக்கு ஒரு எஸ்எஸ்டி, படங்களுக்குத் தனி டிஸ்க். சராசரி 15 வாட் என்று வைத்தால் 30 நாளுக்கு 10.8 யுனிட். பழைய டவர் ஒன்று 60 வாட் இழுத்தால் அதுவே 43.2 யுனிட். நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. இந்தக் கூடுதல் யுனிட் எல்லாம் மேல்படியின் விலைக்கே விழும். மலிவாகக் கிடைக்கிறதென்று டவரை வாங்க வேண்டாம்.

வாங்கிய அன்றே மூடியைக் கழற்றி, நாணயம் போல இருக்கிற சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள். பாவித்த மெஷின்களில் அது அநேகமாகச் செத்திருக்கும். அது இல்லாமல் கரண்ட் முழுதாகப் போனால் பயோஸ் (மெஷின் எழும்பும்போது முதலில் ஓடுகிற அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் அழியலாம், கடிகாரமும் பல வருடம் பின்னே போய்விடும். சில மெஷின்கள் ‘எஃப்1 அழுத்து’ என்று திரையில் காட்டிவிட்டு அப்படியே நிற்கும். சேர்வருக்குத் திரை ஏது? எழும்பினாலும், தேதி சரியாகும் வரை பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போய், டெயில்ஸ்கேல் (வெளியிலிருந்து சேர்வரை எட்ட உதவும் தனிப்பட்ட இணைப்பு) போன்றவை இணையாமல் போகலாம்.

பயோஸில் கரண்ட் வந்த பிறகு என்ன செய்வது என்று ஒரு அமைப்பு உண்டு. டெல்லில் ‘ஏசி ரிகவரி’, மற்ற இரண்டிலும் ‘ஆஃப்டர் பவர் லொஸ்’ என்ற பெயரில் இருக்கும். அதை ‘பவர் ஒன்’ என்றே வையுங்கள். ‘லாஸ்ட் ஸ்டேட்’ பொருத்தமாகத் தெரியும். ஆனால் யூபிஎஸ் சொல்லி சேர்வர் ஒழுங்காக அணைந்திருந்தால் அதன் கடைசி நிலை ‘ஓஃப்’. கரண்ட் வந்தாலும் அது அப்படியே கிடக்கும்.

யூபிஎஸ் 650 விஏ லைன் இன்டராக்டிவ் (வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்யும் வகை) போதும். உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி இருந்தால், புதிதாக இருக்கும்போது சேர்வரும் ரவுட்டரும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஓடும். 2022 மார்ச்சில் பார்த்த 13 மணித்தியால மின்வெட்டை இந்த அளவு யூபிஎஸ் எதுவும் தாண்டாது. ஆகவே எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைவிட ஒழுங்காக அணைந்து ஒழுங்காக எழும்புவதுதான் பெரிது. யூஎஸ்பி வசதியுள்ள யூபிஎஸ் வாங்கி, அதோடு பேசி சேர்வரை ஒழுங்காக அணைக்கும் நட் மென்பொருளைப் போடுங்கள். மலிவான யூபிஎஸ்கள் பலவும் மெகாடெக் என்ற தொடர்பு முறையில் பேசுபவை. வழக்கமான யூஎஸ்பி-ஹிட் டிரைவர் அவற்றைக் கண்டுகொள்ளாவிட்டால் ‘நட்டிஆர்வி கியூஎக்ஸ்’ டிரைவரை முயன்று பாருங்கள். யூஎஸ்பியே இல்லாவிட்டால் சுவரில் நேரே செருகிய ஸ்மார்ட் பிளக் ஒன்றை நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று கேளுங்கள்). பத்து நிமிடம் பதில் இல்லையென்றால் அணை என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். ரவுட்டர் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். ரவுட்டர் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றாலும் பிளக்கின் பதில் வராது, சேர்வரும் அணையும்.

இனித்தான் பலரும் மாட்டிக்கொள்கிற இடம். பத்தாவது நிமிடத்தில் சேர்வர் அணைகிறது. பதினைந்தாவது நிமிடத்தில் கரண்ட் வருகிறது. யூபிஎஸ்ஸில் பற்றரி இன்னும் இருந்ததால் சேர்வரின் வயரில் மின்சாரம் நிற்கவே இல்லை. கரண்ட் போய் வந்தது பயோஸுக்குத் தெரியாது, மெஷினும் எழும்பாது. அணைந்து முடிந்ததும் வெளியீட்டைத் துண்டிக்கும்படி நட் மூலம் யூபிஎஸ்ஸுக்குச் சொல்லலாம், ஆனால் மலிவான எல்லா யூபிஎஸ்ஸும் அதற்குக் கட்டுப்படாது. நிச்சயமான வழி, பயோஸில் தினமும் ஒரு நேரத்துக்குத் தானாக எழும்பும் அலாரம் வைப்பது. டெபியன் லினக்ஸ் பயோஸ் கடிகாரத்தை யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னாலுள்ள உலகப் பொது நேரம்) வைத்திருக்கும்; காலை 6 மணிக்கு எழும்ப வேண்டுமென்றால் பயோஸில் 00:30 என்று போடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அலாரத்தால் ஒன்றும் ஆகாது.

எழும்பிய பிறகும் ஒரு பொறி இருக்கிறது. படங்கள் இருக்கிற டிஸ்க் யூஎஸ்பியில் இருந்து, சுற்றத் தொடங்கப் பிந்திவிட்டால், ‘நோஃபெயில்’ (டிஸ்க் வராவிட்டாலும் பூட் ஆகலாம் என்ற அமைப்பு) போட்ட சிஸ்டம் அது இல்லாமலே பூட் ஆகும். சேர்வரின் செயலிகளை ஓட்டும் டொக்கர் தொடங்கும். டிஸ்க் ஏற வேண்டிய இடத்தில் வெற்றுக் கோப்புறைதான் இருக்கும். டேட்டாபேசையும் அதே டிஸ்க்கில் வைத்திருந்தால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் அந்த வெற்றிடத்தில் புதிய டேட்டாபேஸ் ஒன்றை ஆரம்பித்துவிடும். படங்களைச் சேமித்துத் தேடித் தரும் செயலியான இம்மிச்சைத் திறந்தால் முதல் நாள் போல நிர்வாகி கணக்கைப் பதியச் சொல்லும். படங்கள் அழிந்துவிட்டன என்று பயந்து புதுக் கணக்குத் தொடங்கினால், போன்கள் எல்லாப் படங்களையும் சின்ன எஸ்எஸ்டியில் மீண்டும் ஏற்றி அதை நிரப்பிவிடும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: எதையும் தொடாமல் டொக்கரை நிறுத்தி, டிஸ்க்கை மவுன்ட் செய்து (அதன் கோப்புறையோடு இணைத்து), திரும்பத் தொடங்குங்கள்.

இது நடக்காமலிருக்க லினக்ஸின் சேவைகளைத் தொடக்கி வைக்கும் சிஸ்டம்டியில் டொக்கருக்கான அமைப்பின் ‘ரிக்வயர்ஸ் மவுன்ட்ஸ் ஃபார்’ வரியில் அந்த டிஸ்க்கின் பாதையைச் சேருங்கள். டிஸ்க் வராவிட்டால் டொக்கரும் வராது. இன்னொரு காவலாக, டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் அந்த வெற்றுக் கோப்புறைக்கு சாட்டர் கட்டளையால் ‘ஐ’ கொடி (மாற்ற முடியாது என்ற அடையாளம்) போடுங்கள். அதற்குள் முழு அதிகாரமுள்ள ரூட் கணக்காலும் எழுத முடியாது. டிஸ்க் மேலே ஏறியதும் அந்தக் கொடி அதைத் தடுக்காது. டேட்டாபேசை எஸ்எஸ்டியிலேயே வைப்பது வேகத்துக்கும் நல்லது.

உப்புக்காற்று முதலில் தின்பது நெட்வேர்க் வயரின் முனையைத்தான். கோப்பு நகலெடுக்கும் வேகம் திடீரென்று பத்தில் ஒன்றாகிவிட்டால் இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளையால் பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று காட்டும். கிகாபிட்டுக்கு நான்கு சோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டு போதும். ஒரு ஊசியில் பச்சை படிந்தாலே வேகம் அங்கே இறங்கிவிடும். ஆரம்பத்தில் பிடித்தால் ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்தால் சரியாகும், பிந்தினால் முனையை வெட்டிப் புதிதாக அடிக்க வேண்டும். ராம் கார்டின் தங்கப் பட்டைகளையும் வருடத்துக்கு ஒருமுறை அப்படியே துடையுங்கள். ஓடிக்கொண்டிருக்கிற மெஷின் தன் சூட்டிலேயே ஓரளவு காய்ந்திருக்கும். அலுமாரியில் சும்மா கிடக்கிற பேக்கப் டிஸ்க்தான் ஈரத்தைக் குடிக்கும். அதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சேர்வரை அப்படி அடைக்கக் கூடாது, வெந்துவிடும். கடல் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி, மாரி வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்தால் போதும்.

வெளியிலிருந்து எட்டுவதற்கு, ரவுட்டரின் வான் (WAN, வெளி இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் முறைக்கு) பின்னால் இருக்கிறீர்கள். 4ஜி இணைப்புகளில் இது வழமை, போர்ட் ஃபோர்வேர்டிங் (ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வழி திறப்பது) வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் போட்டால் தீர்ந்தது. இன்னொரு வழியான கிளவுட்ஃபிளேர் டனலின் இலவசத் திட்டத்தில் ஒரே அப்லோட் 100 எம்பியைத் தாண்ட முடியாது. கல்யாண வீட்டு வீடியோ ஏறாமல் நிற்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

தமிழில் பாவிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். இம்மிச்சின் வழமையான தேடல் மாடல் ஆங்கிலத்துக்கானது. ‘கடற்கரை’ என்று தேட வேண்டுமென்றால் அமைப்புகளில் ‘என்எல்எல்பி-கிளிப்’ மாடல் ஒன்றைப் போட்டு, ஸ்மார்ட் தேடலை எல்லாப் படங்களுக்கும் மீண்டும் ஓட்டுங்கள். மற்றது கோப்புப் பெயர். லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழ்க் குறி (எழுத்து, புள்ளி, துணைக்கால் என்று தனித்தனியாக) ஒவ்வொன்றும் 3 பைட். ‘சித்தப்பா’ என்ற ஐந்து எழுத்துக்கே 27 பைட் போய்விடும். விண்டோஸில் 255 குறி வரை இடம் இருப்பதால், அங்கே வைத்த நீண்ட தமிழ்ப் பெயர்கள், கோப்புகளை மெஷின்களுக்கிடையே ஒத்திசைக்கும் சின்த்திங்கில் ‘பெயர் நீளம்’ என்று நின்றுவிடும். நாற்பது எழுத்துக்குள் வைத்தால் தொல்லையில்லை.

பேக்கப்பின் ஒரு பிரதி கடலோரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் அதற்கு முன்பின்னான இடப்பெயர்வுகளிலும் குடும்ப அல்பங்களைப் பறிகொடுத்த வீடுகள் இந்த மாவட்டத்தில் நிறைய. வவுனியாவிலோ கண்டியிலோ இருக்கிற உறவினர் வீட்டில் சின்ன மெஷின் ஒன்றும் டிஸ்க்கும் வைத்து, டெயில்ஸ்கேல் வழியாக ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளை ஒவ்வொரு இரவும் ஓட்டுங்கள். முதல் பிரதியை இங்கேயே எடுத்து டிஸ்க்கைப் பஸ்ஸில் கொண்டுபோவதுதான் புத்தி. 500 ஜிபியை 10 எம்பிபிஎஸ் அப்லோடில் அனுப்ப நாலரை நாளுக்கு மேல் செல்லும், டேட்டா அளவும் தீர்ந்துவிடும். மாதம் ஒருமுறை ஒரு கோப்புறையை மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். ரெஸ்டிக்கின் பாஸ்வேர்ட் தொலைந்தால் அதை மீட்க வழியே இல்லை. சேர்வரில் ஓடுகிற பாஸ்வேர்ட் காப்பகமான வோல்ட்வார்டனில் மட்டும் அதை வைத்திருந்தால் சேர்வரோடு அதுவும் போய்விடும். தாளில் எழுதி இரண்டு வீட்டிலும் ஒவ்வொன்று வையுங்கள்.