முப்பத்து நான்கு வயதில் பல்லுக்குக் கம்பி

என் கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நெருக்கியடித்து முளைத்தவை. மேல்வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் வரிசையை விட்டு விலகித் தெத்திக்கொண்டு நின்றது. வீட்டில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. தெத்துப்பல் சிரிப்புக்கு அழகு என்றே சொல்வார்கள். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பல் துலக்கும்போதெல்லாம் கீழ் ஈற்றிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியதால்தான் மதுரையில் ஒரு பல் மருத்துவரிடம் சென்றேன். பற்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்கும் இடுக்குகளில் பிரஷ் நுழைய வழியில்லாமல் காரை படிந்திருப்பதையும், ஈறு வீங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் குறையத் தொடங்கியிருப்பதையும் அவர் எக்ஸ்ரேயில் காட்டினார். சுத்தம் செய்தால் இப்போதைக்கு ஆறிவிடும், வரிசை இப்படியே இருக்கும்வரை காரை திரும்பத் திரும்பப் படியும் என்றார். கிளிப் போட்டுக்கொள்வது என்று நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

பெரியவர்களுக்குப் பல் நகராது என்று பலர் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்ச்சவ்வு ஒன்று உண்டு. பல்லின்மீது மெல்லிய அழுத்தம் தொடர்ந்து விழும்போது, அழுந்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புது எலும்பு படிகிறது. அந்த வழியில் பல் நகர்கிறது. இது எந்த வயதிலும் நடக்கும். பெரியவர்களுக்குச் சற்று மெதுவாக நடக்கும் என்பதும், ஈற்றில் நோய் இருக்கும்போது தொடங்கவே கூடாது என்பதும்தான் வேறுபாடு. ஆகவே முதலில் ஈற்றுக்கு மருத்துவம் பார்த்து, இரத்தக் கசிவு முழுவதும் நின்ற பிறகே, பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்னும் முதுநிலைப் பட்டம் பெற்ற சிறப்பு மருத்துவரிடம் என்னை அனுப்பினார்கள்.

அவர் முதல் நாளில் என் வாயில் எதையும் ஒட்டவில்லை. முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்தார். பல்வரிசை முழுவதும் தெரியும் எக்ஸ்ரேயும், தலையைப் பக்கவாட்டில் காட்டும் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொன்னார். ஆல்ஜினேட் மாவைக் குழைத்து மேலும் கீழும் அச்செடுத்து, வெள்ளைக் கல்மாவில் என் பற்களின் மாடல் செய்தார். அந்த மாடலைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தபோதுதான், என் கீழ்ப்பற்களின் உட்பக்கம் எவ்வளவு நெரிசலாக இருக்கிறது என்பதை முதன்முறையாகக் கண்டேன். கண்ணாடியில் அது தெரிவதில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் இந்தச் சிகிச்சை முழுவதிலும் நான் எடுக்க வேண்டியிருந்த கடினமான முடிவு. கோரைப்பல்லுக்கு அடுத்து நிற்கும் முன்கடைவாய்ப் பற்களில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கைப் பிடுங்க வேண்டும் என்றார். சொத்தை இல்லாத, ஆடாத, நோகாத நான்கு பற்களை எதற்காகக் கொடுப்பது? அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு முன்கடைவாய்ப் பல்லின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். இரண்டை எடுத்தால் ஒரு வரிசைக்குப் பதினான்கு மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். நெரிசல் இரண்டு மூன்று மில்லிமீட்டராக இருந்தால், பற்களின் பக்கவாட்டு எனாமலை இழையிழையாகத் தேய்த்தே இடம் உண்டாக்கிவிடலாம். வளரும் பிள்ளையாக இருந்தால் மேலண்ணத்தை விரிக்கும் கருவியும் உண்டு. என் வயதில், பிடுங்காமல் எல்லாப் பற்களையும் வரிசைக்குள் அடக்க முயன்றால், பற்கள் முன்னோக்கித் தள்ளப்பட்டு எலும்பின் விளிம்புக்கே வந்துவிடும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். ஈற்றைக் காப்பாற்ற வந்தவளுக்கு அது பொருந்தாத வழி. இவ்வளவு தெளிவாகக் கேட்ட பிறகும் மனம் ஒப்பவில்லை. படங்களை எடுத்துக்கொண்டு இன்னொரு சிறப்பு மருத்துவரைப் பார்த்தேன். முதலாமவர் சொன்னதை நான் சொல்லாமலே, அவரும் அதே நான்கு பற்களைச் சுட்டிக்காட்டினார். பல் பிடுங்கச் சொல்லும்போது இப்படி இரண்டாவது கருத்துக் கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

கம்பிக்குப் பதிலாகப் பற்களை நகர்த்தும், கழற்றி மாட்டும் தெளிந்த பிளாஸ்டிக் உறையான அலைனர் பற்றியும் விசாரித்தேன். நாளொன்றுக்கு 22 மணி நேரம் போட்டிருக்க வேண்டும், எதைச் சாப்பிடுவதானாலும் கழற்ற வேண்டும், செலவு இரண்டு மடங்குக்கும் மேல் என்றார்கள். பள்ளியில் பாடவேளைகளுக்கு நடுவே தேநீர் குடித்தே தொண்டையைக் காப்பாற்றும் தமிழாசிரியை நான். உலோகக் கம்பியே போதும் என்று சொல்லிவிட்டேன்.

பற்களை இரண்டு தவணையாக, பக்கத்துக்கு ஒரு தவணை என்று எடுத்தார்கள். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு அழுத்தம் தெரிந்ததே தவிர வலி தெரியவில்லை. பஞ்சைக் கடித்திருக்க வேண்டும், துப்பக் கூடாது, எதையும் உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. குழியில் உறையும் இரத்தக்கட்டி பெயர்ந்துவிட்டால் புண் எளிதில் ஆறாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதை அப்படியே கடைப்பிடித்தேன்.

கிளிப் ஒட்டும் நாள் வலியே இல்லாத நாள். உதடுகளை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை மாட்டி, பற்களைத் துடைத்து, நீல நிற அமிலக் களிம்பை ஒவ்வொரு பல்லிலும் ஒரு பொட்டுபோல வைத்தார்கள். கழுவி உலர்த்தியபோது அந்த இடம் மட்டும் சுண்ணாம்புக்கட்டி நிறத்தில் வெளுத்திருந்ததைக் கைக்கண்ணாடியில் காட்டினார்கள். அந்தச் சொரசொரப்பில்தான் பசை பிடிக்குமாம். கம்பியைத் தாங்கும் சிறு உலோகத் துண்டான பிராக்கெட்டை இடுக்கியால் எடுத்துப் பல்லின்மேல் வைத்து, கூர்முனைக் கருவியால் இம்மியளவு நகர்த்தி நகர்த்தி இடம் பார்த்து, நீல ஒளி பாய்ச்சி இறுக வைத்தார் மருத்துவர். பிராக்கெட் எங்கே, எந்தச் சாய்வில் உட்காருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பல் எங்கே போய் நிற்கும் என்பது அமையும் என்பதால், அவர் அவசரமே காட்டவில்லை.

பிறகு கம்பி. முதல் கம்பி நிக்கல் டைட்டானியம். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகம் ஒன்றில் உருவான உலோகக் கலவை இது, 1970களில் பல் மருத்துவத்துக்கு வந்தது. நன்றாக வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பும். கோணலாக நின்ற என் பற்களில் அது நெளிந்து வளைந்து கட்டப்பட்டது; நேராகத் திரும்ப அது எடுக்கும் முயற்சிதான் பற்களை இழுக்கிறது. கம்பியைப் பிராக்கெட்டில் பிடித்துவைக்கும் ரப்பர் வளையத்துக்கு நிறம் கேட்டபோது, உதவியாளராக இருந்த இளம்பெண் மெதுவாக, "கண்ணாடி கலர் வேணாம்க்கா, சாம்பார் மஞ்சள் நாலு நாள்ல ஏறிடும், சாம்பல் கலர் போட்டுக்கோங்க" என்றார். அந்த ஒரு வரிக்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்வேன்.

வலி மாலையில் தொடங்கியது. மறுநாள் இட்லியைக் கடிக்கக்கூட முடியவில்லை. சாம்பாரில் ஊறவைத்து மேலண்ணத்தில் நசுக்கி விழுங்கினேன். ஒரு வாரத்தில் தணிந்தது. வலிக்குப் பாராசிட்டமால் போதும், வேறு சில வலிமாத்திரைகள் பல் நகர்வதை மட்டுப்படுத்தக்கூடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கன்னத்தின் உட்புறத்தை உரசிப் புண்ணாக்கும் பிராக்கெட்டின்மேல் ஒட்டிக்கொள்ள மெழுகு கொடுத்திருந்தார்கள். அது பல்லில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. எட்டாம் வகுப்பில் கிளிப் போட்ட மாணவி ஒருத்தி இடைவேளையில் அருகே வந்து, "ஈரமா இருந்தா ஒட்டாது டீச்சர், முதல்ல பல்லைத் துடைச்சிடுங்க" என்று சொல்லி, மெழுகை விரல்களுக்கிடையே உருட்டித் தட்டையாக்கிக் காட்டினாள்.

உறவினர் வீட்டு விசேஷங்களில், "பொண்ணுக்குப் போட வேண்டிய வயசுல நீ போட்டிருக்கியே" என்று கேட்டவர்கள் உண்டு. ஈற்றில் இரத்தம் வந்ததைச் சொன்னேன். கேட்டவர்களில் இருவர் தங்கள் ஈற்றிலும் வருகிறது என்றார்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் காத்திருப்புதான். பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். கூடுதலாக முடுக்கினால் வேகம் கூடாது, வேர் நுனி கரைந்து குட்டையாகும் அபாயம்தான் கூடும். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை சென்று வளையங்களை மாற்றிக்கொண்டேன். மெல்லிய கம்பி போய்த் தடித்த எஃகுக் கம்பி வந்தது. பிடுங்கிய இடங்களை மூட, பவர் செயின் என்னும் ரப்பர் சங்கிலி பூட்டினார்கள். முறுக்கு, தட்டை, கடலைமிட்டாய், கரும்பு, நல்லி எலும்பு எல்லாவற்றையும் நிறுத்தினேன். கொய்யாவைத் துண்டு போட்டுச் சாப்பிட்டேன். உண்மையான உழைப்பு சுத்தத்தில் இருந்தது. கீரை சாப்பிட்டால் கம்பிக்கடியில் இழை இழையாகச் சிக்கும். அதைச் சிறு குச்சி பிரஷ்ஷை நுழைத்து எடுக்காவிட்டால், பிராக்கெட்டைச் சுற்றி எனாமல் வெளுத்துத் தழும்பாகிவிடும். கிளிப்பைக் கழற்றினாலும் அந்தத் தழும்பு எளிதில் போவதில்லை. மதிய உணவுக்குப் பிறகு ஆசிரியர் அறைக்குப் பின்னாலிருக்கும் குழாயடியில் நான் பல் துலக்குவது பள்ளியில் எல்லோருக்கும் பழகிப்போயிற்று.

கழற்றும் வேலை ஒரே அமர்வில் முடிந்தது. பிராக்கெட்டைக் குறட்டால் நெரித்துப் பெயர்த்து, எஞ்சிய பசையைத் தேய்த்து எடுத்தார்கள். அத்துடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர்தான் சில ஆண்டுகளில் பழைய கோணலோடு திரும்பி வருகிறார்கள் என்று மருத்துவர் எச்சரித்தார். எலும்பு சில மாதங்களில் இறுகிவிடும். பல்லின் கழுத்தைச் சுற்றியுள்ள ஈற்று நார்கள் புதிய இடத்துக்குப் பழக ஓராண்டுகூட ஆகும், அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்கும். எனக்குக் கீழ்ப்பற்களின் பின்புறம் நிரந்தரமாக ஒரு மெல்லிய கம்பியை ஒட்டினார்கள். மேல்வரிசைக்கு, பற்களைப் புதிய இடத்திலேயே பிடித்துவைக்கும், கழற்றி மாட்டும் தெளிந்த உறையான ரிடெய்னர் தந்தார்கள். முதல் வாரங்களில் அதை மாட்டிக்கொண்டு வகுப்பில் செய்யுள் வாசித்தபோது சகரம் காற்றோடு கலந்து வந்தது. வீட்டில் உரக்க வாசித்துப் பழகிச் சரிசெய்தேன். ரிடெய்னரை வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும்.

இப்போது இரவில் மட்டும் ரிடெய்னர் அணிகிறேன். தொடங்க எண்ணுபவர்கள், மருத்துவர் சொல்லும் தொகையில் ரிடெய்னரும், அது உடைந்தால் மாற்றித் தருவதும் அடங்குமா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தவணை முறையில் கட்ட அநேகமாக ஒப்புக்கொள்வார்கள். என் மருத்துவக் காப்பீட்டில் இதற்கு இடமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீழ்க்கம்பி பசைவிடாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஈற்றையும் ஆய்ந்து வருகிறேன். சென்ற முறை எடுத்த எக்ஸ்ரேயைப் பழையதோடு வைத்துப் பார்த்த மருத்துவர், எலும்பு அதற்குமேல் குறையவில்லை என்றார்.