மஞ்சள் பலகையில் 2 மணி 40 நிமிடம்

இடத்துக்கே கட்டைக் (மைல்) கணக்கில் பெயர் வைத்த ஊர் திருகோணமலை. ‘எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால் கட்டையில் பதில் வரும், இல்லாவிட்டால் கிலோமீற்றரில் வரும். சுவிஸில் நடைபாதை தொடங்கும் இடத்தில் நட்டிருக்கும் மஞ்சள் பலகையில் கிலோமீற்றர் இருக்காது. இடத்தின் பெயர், அதற்குப் பக்கத்தில் 2 மணி 40 நிமிடம் என்று நேரம், அவ்வளவுதான். ஓகஸ்ட் விடுமுறைக்குச் சூரிச்சில் சித்தப்பா வீட்டுக்கோ, பேர்ணில் அக்கா வீட்டுக்கோ போகிறவர்கள் முதலில் பிழை விடுவது இந்த இடத்தில்தான்.

அந்த நேரத்துக்குள் ஓய்வு சேராது. படம் எடுக்க நிற்பது, சாப்பிட இருப்பது, பிள்ளைக்குச் சப்பாத்து நாடா கட்டுவது, எதுவும் சேராது. நடந்து பழகிய ஒருவர் நிற்காமல் நடந்தால் பிடிக்கும் நேரம் அது. கடற்கரையில் இருந்து போனவர்கள், பிள்ளைகள், அம்மா அப்பா எல்லோரும் கூட என்றால் ஒன்றரை மடங்காக வையுங்கள். 2 மணி 40 நிமிடம் 4 மணித்தியாலம் ஆகும்.

தூரத்தை விட்டு நேரத்தை எழுதியதற்குக் காரணம் ஏற்றம். அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு சுலபமானது: 100 மீற்றர் ஏற்றத்தை 1 கிலோமீற்றராக எண்ணித் தூரத்தோடு கூட்டி, 4 ஆல் பிரிக்க வேண்டும். 8 கிலோமீற்றர் பாதையில் 600 மீற்றர் ஏற்றம் என்றால் 8 + 6 = 14; 4 ஆல் பிரித்தால் மூன்றரை மணித்தியாலம். அதே 8 கிலோமீற்றர் சமதரையில் 2 மணித்தியாலம்தான். 600 மீற்றர் என்பது எவ்வளவு? கோணேசர் மலை கடலுக்கு மேலே நூறு மீற்றரை ஒட்டித்தான். அதைப் போல ஆறு தடவை. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறினவர்களுக்கு இன்னும் நல்ல அளவுகோல் இருக்கிறது. அது ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏற்றம். ஆனால் அங்கே படி உண்டு, வழிநெடுகத் தேநீர்க்கடை உண்டு. சுவிஸ் மலையில் கல்லும் வேரும் சேறும்தான்.

இறக்கத்தைச் சும்மா என்று நினைக்காதீர்கள். செங்குத்தான இறக்கத்தில் 150 மீற்றருக்கு 1 கிலோமீற்றர் கூட்டுவார்கள். மூச்சு வாங்காது, உண்மைதான். முழங்காலும் தொடையும்தான் விலை கொடுக்கும். தொடைத் தசை நீண்டபடியே உடல் பாரத்தைத் தடுத்துப் பிடிப்பதால், அடுத்த நாளைவிட மூன்றாம் நாள் படியிறங்குவது கொடுமை. ஊரில் இருக்கும்போதே பழக விரும்புகிறவர்கள் கடற்கரையில் நடந்து பிரயோசனம் இல்லை. கோட்டை வாசலில் இருந்து கோயில் வரை கிழமைக்கு மூன்று தடவை ஏறி, இறங்கும்போது அவசரப்படாமல் இறங்குங்கள். பயிற்சி அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது.

இனி நிறம். வெறும் மஞ்சள் பலகையும் மஞ்சள் சாய்சதுரமும் என்றால் சாதாரண நடைபாதை; நல்ல பிடிமானமுள்ள சப்பாத்து இருந்தால் யாரும் போகலாம். பலகையின் கூர் நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை. ஒடுங்கிய இடம், செங்குத்து, சில இடங்களில் பிடித்துப் போகக் கம்பி. தலைசுற்றுகிறவர்களுக்கு இது சரிவராது. பலகையே நீலமாக, வெள்ளை-நீலம்-வெள்ளைக் கோட்டோடு இருந்தால் அது அல்பைன் பாதை. பனிக்கட்டி ஆறு, கல்லுச்சரிவு, கையூன்றி ஏற வேண்டிய பாறை எல்லாம் வரலாம். கயிறும் அனுபவமும் இல்லாதவர் அந்தப் பலகையைப் பார்த்தால் திரும்ப வேண்டியதுதான். இளஞ்சிவப்பு குளிர்காலப் பாதை. எண்ணுள்ள பச்சைச் சதுரம் நீண்ட பாதைகளுக்கு: ஓரிலக்கம் நாடளாவியது, ஈரிலக்கம் பிராந்தியம், மூவிலக்கம் உள்ளூர். எண் 1 வியா அல்பினா. வடூஸ் தொடங்கி மொன்திரோ வரை ஏறத்தாழ 390 கிலோமீற்றர், 20 நாள் நடை.

இப்படிப் பலகை போட்ட பாதை அந்த நாட்டில் 65,000 கிலோமீற்றருக்கு மேல். இலங்கையின் பரப்பளவு 65,610 சதுர கிலோமீற்றர், சுவிஸ் 41,285. எங்களைவிடச் சின்ன நாடு, எங்கள் பரப்பளவு எண்ணிக்கைக்குச் சமமாகப் பாதை! இது தானாக வந்ததில்லை. மோட்டார் வாகனம் மலைவீதிகளைப் பிடித்து நடப்பவர்களைத் தள்ளத் தொடங்கிய காலத்தில், 1934இல், ஒரு பள்ளி ஆசிரியர் முன்னின்று தொடக்கிய வேலை அது. 1979இல் பொதுவாக்கெடுப்பு வைத்து நடைபாதையை அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். 1985இல் தனிச் சட்டம். ஒரு பாதையை வீதியோ கட்டடமோ விழுங்கினால் மாற்றுப்பாதை போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் முக்கியமான கடமை.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்களுக்குத் தெரிந்த காற்று. அல்ப்ஸில் ஃபியோன் என்பார்கள். எங்கள் பக்கம் அதற்குப் பெயர் கச்சான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் போனபின் கிழக்கே இறங்கி எங்கள் முகத்தில் அனலாக அடிக்கிறது. ஈரக்காற்று ஏறும்போது 100 மீற்றருக்கு ஏறத்தாழ அரைப் பாகைதான் குளிரும். காய்ந்த காற்று இறங்கும்போது 100 மீற்றருக்கு 1 பாகை சூடாகும். அந்த வித்தியாசம்தான் கச்சானின் சூடு, ஃபியோனின் சூடும் அதுவே. அங்கே இத்தாலிப் பக்கம் மழை பெய்ய, வடக்கே ஊரிப் பள்ளத்தாக்கிலும் ரைன் பள்ளத்தாக்கிலும் சூடான காற்று இறங்கும். இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும்தான் அதிகம்.

ஆனால் ஒரு வித்தியாசம். கச்சான் அடித்தால் எங்களுக்கு வெளியே போக மனம் வராது. ஃபியோன் அடித்தால் வானம் கழுவிவிட்டது போல இருக்கும், தூரத்து மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், ‘என்ன வடிவான நாள்’ என்று சனம் வெளிக்கிடும். மேலே முகட்டில் அதே காற்று ஆளைச் சாய்க்கும். கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். ஏறிப்போனவர்கள் நடந்து இறங்க வேண்டும். ஃபியோன் விழுந்தால் பின்னாலேயே குளிர்க்காற்றும் மழையும் வரும், உயரத்தில் பனி கொட்டும். எனவே முதல் நாள் இரவே மெற்றியோ சுவிஸ் வானிலைச் செயலியில் காற்று எச்சரிக்கையைப் பாருங்கள்.

கோடையில் வேறு சிக்கல், பின்னேர இடிமழை. காலையில் பளிச்சென்ற வானம், பதினொரு மணிக்குப் பஞ்சு முகில், இரண்டு மணிக்கு அது கோபுரமாக எழும்பி நிற்கும். அதனால்தான் அங்குள்ள கிழவர்கள் ஏழு மணிக்கே ஏறத் தொடங்கி மத்தியானம் இறங்கிவிடுகிறார்கள். எங்கள் ஆட்கள் புட்டும் கறியும் சாப்பிட்டு ஆறுதலாகப் பத்தரைக்கு வெளிக்கிட்டால் இடிக்கு நேரே போய் நிற்பார்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் செக்கன் எண்ணி 3 ஆல் பிரித்தால் கிலோமீற்றர் வரும். 30 செக்கன் என்றால் 10 கிலோமீற்றர், அப்போதே முகட்டை விட்டு இறங்கத் தொடங்க வேண்டும். தனி மரம், சிலுவை நட்ட சிகரம், பிடிகம்பி மூன்றும் ஆகாது.

மேலே போகப் போக 100 மீற்றருக்கு ஏறத்தாழ 0.65 பாகை குளிரும். இன்டர்லாகனில் 28 பாகை இருக்கும்போது 2,200 மீற்றரில் 17, 18தான். அது குளிரில்லை என்று தோன்றும். வியர்வையில் நனைந்த பருத்திச் சேட்டோடு காற்றில் நின்று பாருங்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஜீன்ஸ் அதைவிட மோசம். உள்ளே கம்பளி அல்லது பொலியெஸ்டர், மேலே ஒரு கதகதப்பான சட்டை, அதற்கு மேலே மழைச்சட்டை. ஓகஸ்டிலும் பையில் ஒரு தொப்பியும் மெல்லிய கையுறையும் இருக்கட்டும். ஊரில் போல வியர்த்து ஊற்றாததால் தண்ணீர் வேண்டாம் என்று தோன்றும். காற்று காய்ந்தது, ஆளுக்கு ஒன்றரை லீற்றர் வேண்டும். ஊர் நடுவில் ஓடும் கல்தொட்டித் தண்ணீரைப் போத்தலில் பிடிக்கலாம், ‘கைன் டிரிங்க்வாசர்’ (குடிநீர் அல்ல) என்று எழுதியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். உயரத்தில் வெயில் உறைக்கும், கறுப்புத் தோலும் கருகும், உதடு வெடிக்கும்.

சப்பாத்து விஷயத்தில் உறவினர் வீட்டு அலுமாரிதான் எதிரி. ‘என்னுடையதைப் போடு, ஒருக்கால்தான் போட்டது’ என்று பத்து வருடம் கிடந்த மலைச்சப்பாத்தை எடுத்துத் தருவார்கள். அடிப்பாகத்துக்கும் மேற்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் பொலியூரித்தேன், போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தில் உள்ளுக்குள் உக்கும். வெளியே புதுசு போலத்தான் இருக்கும். நடந்து ஒரு மணித்தியாலத்தில் அடி வாய்பிளந்து கழன்றுவிடும். வீட்டிலேயே பெருவிரலால் நடு அடியை அழுத்திப் பாருங்கள். வெடிப்போ மாப்போல உதிர்வோ இருந்தால் குப்பைக்கு. புதிதாக வாங்குவதானால் பின்னேரம், கால் வீங்கியிருக்கும்போது, தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் இடித்துக் கறுக்கும். கால்நகத்தை முதல் நாளே வெட்டுங்கள்.

மாடு. எங்கள் ஊரில் சந்தி நடுவில் படுத்திருக்கும் மாட்டை விலத்திக்கொண்டு போகிறோம், கோட்டைக்குள் மானுக்குக் கையால் தின்னக் கொடுக்கிறோம். அந்தப் பழக்கத்தை அங்கே கொண்டு போகக் கூடாது. மலை மேய்ச்சலில் நிற்பது கன்றோடு நிற்கும் தாய்மாடு. கன்றைத் தடவப் போனால் முட்டும், ஆள் செத்த சம்பவங்கள் உண்டு. 50 மீற்றர் விலத்தி, சத்தமில்லாமல், ஓடாமல் போங்கள். கூட நாய் இருந்தால் இன்னும் ஆபத்து. மாடு பாய்ந்தால் நாயை அவிழ்த்துவிடுங்கள், அது தப்பிவிடும். பாதையை மறித்து மின்கம்பி இருந்தால் பிளாஸ்ரிக் பிடியை மட்டும் பிடித்துக் கழற்றி, கடந்தபின் திரும்பக் கொழுவ வேண்டும். கொழுவாமல் போவதுதான் அங்கே பெரிய மரியாதைக்கேடு.

இன்னொன்று, ஆற்றில் இறங்குவது. தெளிந்த தண்ணீரைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கால் நிற்காது. அணைக்குக் கீழே ஓடும் ஆறுகளில், வானம் வெளித்திருந்தாலும் மின்நிலையத்தில் இருந்து தண்ணீர் திறந்தால் மட்டம் சடாரென்று உயரும். கரையில் அதற்கென எச்சரிக்கைப் பலகை நிற்கும். பார்த்தால் கல்மேட்டில் குந்தியிருந்து படம் எடுக்கவும் வேண்டாம்.

எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும், தெரியாத ஆள் என்றாலும். சூரிச் பக்கம் க்ருயெட்ஸி, பேர்ணில் க்ருயெசெக், பிரெஞ்சுப் பக்கம் பொன்ஜூர். நகரத்து றெயினில் முகம் பார்க்காதவர்கள் மலையில் சிரிப்பார்கள். ஒடுங்கிய இடத்தில் ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழி விடுவார். போனில் பாட்டை உரக்கப் போட்டுக்கொண்டு போவது நல்லதில்லை, எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும்.

சாப்பாட்டுக்குச் சோறு வேண்டாம், பாரம். ரொட்டியும் கட்டிச் சம்பலும், வாழைப்பழம், பேரீச்சம்பழம், ஒரு பை வறுத்த கச்சான். (காற்றில்லை, கடலை.) குப்பையெல்லாம் பையிலேயே கீழே வரவேண்டும்.

முதல் நடைக்குச் சூரிச்சில் இருப்பவர்கள் ஊட்லிபெர்க் போங்கள். பிரதான நிலையத்தில் எஸ் 10 றெயின், 20 நிமிடம் சொச்சத்தில் மேலே. உச்சி 870 மீற்றர். முகட்டோடு ஃபெல்செனெக் வரை இரண்டு மணித்தியாலத்துக்குள், பெரிய ஏற்ற இறக்கமில்லை. அங்கிருந்து கேபிள் காரில் அட்லிஸ்வீல். அம்மா அப்பாவோடு பெரிய மலை பார்க்க என்றால் மென்லிகனில் இருந்து கிளைன ஷைடெக். ஒன்றரை மணித்தியாலம், பெரும்பாலும் மெல்லிய இறக்கம், எதிரே ஐகர், மென்க், யுங்ஃபிராவ் மூன்றும். மலை றெயினில் 3,454 மீற்றர் யுங்ஃபிராயோக்குக்கு ஒரேயடியாக ஏறினால் தலையிடிக்கும். அங்கே படியில் ஓடக் கூடாது. யூலை தொடக்கம் வரை 2,000 மீற்றருக்கு மேல் வடக்குச் சரிவில் பழைய பனி கிடக்கும், வழுக்கினால் நிற்க இடமிராது. நவம்பரில் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்கு மூடியிருக்கும்.

எங்கே போனாலும் ஏறும்போதே கீழ்நிலையத்தில் கடைசி இறங்கும் வண்டி எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பல இடங்களில் ஐந்து மணிக்கே முடிந்துவிடும். ஆபத்து என்றால் ஹெலிகொப்டர் மீட்புக்கு 1414, வலே மாநிலத்தில் 144, எங்கிருந்தும் 112. போகுமுன் பயணக் காப்புறுதியில் மலைமீட்புச் செலவு அடங்குமா என்று கேட்டு வையுங்கள். போன் எடுபடாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு தடவை விசில் அல்லது வெளிச்சம், ஒரு நிமிடம் நிறுத்தி, திரும்பவும் ஆறு. ஹெலிகொப்டர் தலைக்கு மேல் வந்தால் இரண்டு கையையும் ஆங்கில Y எழுத்தைப் போல உயர்த்தினால் ‘உதவி வேண்டும்’. ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் ‘வேண்டாம்’. சந்தோசத்தில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினால் இறங்கிவிடுவார்கள்.