செல்டா: நாற்பது நிமிட வகுப்பும் அதற்கு முந்தைய இரவும்

ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தரும் கோர்ஸ் செல்டா. அதில் சேருகிறவர்கள் பெரும்பாலும் இலக்கணப் புத்தகத்தைத் தூசி தட்டிக்கொண்டுதான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். அது வீண் போகாது. நேர்காணலுக்கு முன் தரும் எழுத்துப் பயிற்சிக்கு உதவும். ஆனால் கோர்ஸில் அடி விழும் இடம் வேறு.

கேம்பிரிட்ஜ் தரும் சான்றிதழ் இது. முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம். மொத்தம் குறைந்தது 120 மணி நேரம். அதில் 6 மணி நேரம், இரண்டு வெவ்வேறு நிலை மாணவர்களுக்கு நாமே பாடம் எடுக்க வேண்டும். அனுபவசாலிகளின் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க இன்னொரு 6 மணி நேரம். 750 முதல் 1000 சொல்லுக்குள் நான்கு அசைன்மென்ட். கடைசியில் பரீட்சை கிடையாது.

எங்களுக்கு ஒரு வகுப்பு 40 நிமிடம். அதற்கான லெசன் பிளான் எழுத முதல் வாரம் ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும். அதில் நேரத்தைத் தின்பது மொழி அலசல்: பொருள், வடிவம், உச்சரிப்பு மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். 'ஹி யூஸ்ட் டு ஸ்மோக்' என்ற ஒரே வாக்கியத்தை எடுங்கள். பொருள்: முன்பு வழக்கம், இப்போது இல்லை. வடிவம்: 'டிட்ன்ட்' வந்தால் 'யூஸ்ட்' என்பதில் கடைசி 'டி' எழுத்து போய்விடும். உச்சரிப்பு: இரண்டு சொல்லும் ஒட்டி 'யூஸ்டு' என்றே காதில் விழும். இதை எழுதாமல் போனால், வகுப்பில் யாராவது 'ஐ ஆம் யூஸ்ட் டு' (எனக்குப் பழகிவிட்டது) பற்றிக் கேட்கும்போது திணறுவோம்.

புரிந்ததா என்று கேட்கவே கூடாது. எல்லாரும் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். 'டஸ் ஹி ஸ்மோக் நவ்?', 'டிட் ஹி ஸ்மோக் பிஃபோர்?', 'ஒன்ஸ், ஆர் மெனி டைம்ஸ்?' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும்படி கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளை மேடையில் யோசிக்க முடியாது. பிளானிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பெரிய வியாதி, விளக்கம் சொல்லிக்கொண்டே போவது. நாம் பேசும் நிமிடமெல்லாம் மாணவர் பேசாத நிமிடம். இன்னொன்று, தாளைக் கொடுத்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது. தாள் கைக்கு வந்ததும் யார் காதிலும் எதுவும் ஏறாது. முதலில் சொல்லுங்கள், ஒரு மாதிரி செய்து காட்டுங்கள், பிறகு கொடுங்கள். விடைகளை எல்லார் முன்னும் கேட்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடச் சொன்னால், கூச்சப்படுகிறவரும் வாய் திறப்பார்.

அசைன்மென்ட் திரும்பி வந்தால் பதற வேண்டாம், ஒருமுறை திருத்திக் கொடுக்கலாம். சொல் வரம்பைத் தாண்டுவதும், கேட்ட கேள்வியில் ஒரு பகுதியை விட்டுவிடுவதும்தான் வழக்கமான காரணங்கள்.

ஜெராக்ஸை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். காலையில் மெஷின் முன்னால் வரிசை நிற்கும். இரண்டு பிரதி கூடுதலாக எடுங்கள். பயிற்சி வகுப்புக்கு வருகிறவர்கள் வேலைக்குப் போகிற பெரியவர்கள், பன்னிரண்டு பேர் என்று சொன்ன நாளில் ஏழு பேரும் வருவார்கள், பதினான்கு பேரும் வருவார்கள்.