இந்தச் சட்டம் எதுக்கு மிஸ்?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் சட்ட உதவிக் கூட்டம் நடத்துவது என் வேலை. பெரும்பாலும் பிள்ளைக்காம்பராவில்தான், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்தான் கூடுவோம். கொழுந்து நிறுத்துவிட்டு, படங்குச் சாக்கைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டுப் பெண்கள் வந்து உட்காருவார்கள். ஏதாவது ஒரு சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "சரி மிஸ், இந்தச் சட்டத்த எதுக்குக் கொண்டுவந்தாங்க?"

எந்தப் பிரிவு, எவ்வளவு தண்டப்பணம், எங்கே மனுக்கொடுப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இப்படிக் கேட்பவர்களில் பலர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். ஆனால் சட்டம் இயற்றியவர் முதலில் பதில் சொல்லவேண்டிய கேள்வியைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். யாருக்கு என்ன நன்மை வரவேண்டும் என்று நினைத்து ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள் என்பது அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைப் பாராளுமன்றத்துக்கு வெளியே வந்து சொல்லவும் வேண்டும். அந்த ஒரு வரி மட்டும் இருந்துவிட்டால், ஒன்றுமில்லாத மனிதர்கூட அதைப் பிடித்துக்கொண்டு ஒரு அலுவலகத்தில் நிமிர்ந்து நின்று பேசலாம். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் நான் அதிகம் வாசித்துக் காட்டியது, கிராமப்புற உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகளை அமைத்த 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தை. அதன் தலைப்பிலேயே நோக்கம் இருக்கிறது. உள்ளூர் மட்டத்தில் நிர்வாகம், அபிவிருத்தி பற்றிய தீர்மானங்களில் மக்கள் பயனுள்ள விதத்தில் பங்குபற்றக் கூடுதல் வாய்ப்புக் கொடுப்பதற்காகவே இந்தச் சபைகள் என்று சொல்கிறது. 3 ஆம் பிரிவுக்குப் போனால், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள், பிரதேசத்து மக்களின் வசதி, நலன் எல்லாம் சபையின் பொறுப்பு என்று வருகிறது. வாசித்துக் காட்டும்போது முகங்கள் மலரும். அப்புறம் 33 ஆம் பிரிவுக்கு வருவோம். தோட்டத்துக்குள் சபையின் நிதியைச் செலவிட முடியாதபடி தடுத்து வைத்திருந்த பிரிவு அது. பாதையோ கிணறோ வடிகானோ எதைக் கேட்டாலும், "இது தோட்டத்துக் காணி, சபையால ஒண்ணும் செய்ய ஏலாது" என்று சொல்லித் திருப்பியனுப்ப அந்தப் பிரிவு போதுமாக இருந்தது.

ஒரு கூட்டத்தில் ஓய்வுபெற்ற தோட்டத் தலைவர் ஒருவர் எழுந்து பேசினார். "ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வர்றப்ப இது பிரதேச சபை எல்லை. பாதை போட்டுத் தாங்கன்னு போனா இது தோட்டத்து எல்லை. நாங்க எந்த எல்லையில இருக்கோம் தங்கச்சி?" லயம் என்று அவர் சொன்னது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளை. அந்தத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்குப் போகும் பாதையை ஒருமுறை பார்த்தால் அவர் கோபம் விளங்கும். வெள்ளைக்காரன் காலத்தில் பதித்த கல் பாதி பெயர்ந்துவிட்டது. கொழுந்து லொறியின் சக்கரம் போட்ட இரண்டு பள்ளங்களிலும் மழைத்தண்ணீர் ஓடை மாதிரி இறங்குகிறது. முச்சக்கரவண்டிக்காரர்கள் மேலே ரோட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். பிரசவ வலி வந்த பெண்ணைக் கம்பளியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். பொதுப் பாதைகளும் மக்களின் வசதியும் சபையின் பொறுப்பு என்று எழுதிய அதே சட்டம்தான் இந்த இடத்தில் கையை விரித்தது.

2018 வரைக்கும் இதுதான் நிலைமை. அந்த வருடம் 30 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்து 33 ஆம் பிரிவை மாற்றியது. சட்டம் பிறந்து 31 வருடம் கழித்து! அதே காலத்தில் தலா இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கட்டிச் சுமந்த அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு சபைகளும் பிரிக்கப்பட்டு ஆறாயின. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைக்கெல்லாம் சொந்தச் சபை கிடைத்தது. 2016 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கியதால், 2018 பெப்ரவரித் தேர்தலில் தோட்டத்துப் பெண்களும் உறுப்பினர்களாகப் போனார்கள்.

அதன் பிறகு அந்தக் கீழ்ப்பிரிவு மக்கள் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். வழக்கமாக இந்தக் கடிதங்கள் "கருணைகூர்ந்து" என்று தொடங்கும். இந்தமுறை அப்படி வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். சட்டத்தின் தலைப்பில் உள்ள நோக்கத்தை அப்படியே முதல் பந்தியில் எழுதி, அதன் கீழே பாதையின் நிலையை எழுதி, திருத்தப்பட்ட பிரிவைக் கடைசியில் வைத்தார்கள். கவுண்டரில் இருந்த உத்தியோகத்தர் கடிதத்தை வாங்கி இரண்டு முறை வாசித்தார். "இத யார் எழுதித் தந்தது?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்டிருந்த அக்கா, "சட்டத்துல இருக்கிறதத்தான் சேர் எழுதியிருக்கோம்" என்றார். ஒதுக்கீட்டில் தெரிவான ஒரு பெண் உறுப்பினர் மாதாந்தக் கூட்டத்தில் அந்த முதல் பந்தியையே வாசித்தாராம். முழுப் பாதையும் வந்துவிடவில்லை. மிக மோசமான ஏற்றத்துக்குக் கொங்கிரீட்டும் கீழே ஒரு மதகும் கிடைத்தன. மிச்சத்துக்கு இன்னும் கடிதம் போய்க்கொண்டிருக்கிறது.

நோக்கம் எழுதப்பட்டிருந்ததால்தான் இவ்வளவாவது நடந்தது. எழுதப்படாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு, இந்திய வம்சாவளி மலையகத் தமிழரான எங்கள் சரித்திரமே சாட்சி.

1947 தேர்தலில் எங்கள் மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடமே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு ஏற்பாடு செய்வதற்கான சட்டம், அவ்வளவுதான் அதன் தலைப்பு. இந்திய வம்சாவளி என்றோ தோட்டத் தொழிலாளர் என்றோ ஒரு வார்த்தை அதில் கிடையாது. தந்தை இங்கே பிறந்தாரா, அவர் தந்தை இங்கே பிறந்தாரா என்று பத்திரம் கேட்டது. லயத்தில் பிறந்த எத்தனை பேரிடம் அப்படி ஒரு பத்திரம் இருந்திருக்கும்? பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள், 1949 இல் வாக்குரிமையும் போனது. இதை எதிர்த்த கோடக்கன் பிள்ளை வழக்கு, அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953 இல் தோற்றது. பிரஜாவுரிமைக்கு இன்ன தகுதி வேண்டும் என்று வகுப்பது சட்டசபையின் அதிகாரத்துக்கு உட்பட்டது, ஒரு சமூகத்தைக் குறிவைத்த பாகுபாடாக அதைக் கொள்ள முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். சட்டத்தின் வாயிலிருந்து நோக்கம் வராதபோது அதை வெளியே கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்பதை எங்கள் பாட்டன் பாட்டிகள் அனுபவித்தே தெரிந்துகொண்டார்கள். பிறகு எங்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், கப்பல், தமிழ்நாட்டு மண்டபம் முகாம், இங்கே மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்த 1986, 1988, கடைசியாக 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள். அதையெல்லாம் விரித்தால் இந்தக் கட்டுரை போதாது.

நோக்கத்தை நன்றாக எழுதிவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். 1972 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு நோக்கத்தை மிகத் தெளிவாகச் சொல்கிறது: உச்சவரம்புக்கு மேல் ஒருவர் விவசாயக் காணி வைத்திருக்கக்கூடாது, மேலதிகக் காணியை எடுத்து அதன் உற்பத்தித்திறனும் அதனால் வரும் வேலைவாய்ப்பும் பெருகும்படி பயன்படுத்தவேண்டும். வேலைவாய்ப்பு என்ற சொல் சட்டத்திலேயே இருந்தது. அந்தக் காணியில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்களைப் பற்றி ஒன்றுமில்லை. எழுபதுகளில் தோட்டங்கள் கைமாறியபோது வேலையும் லயமும் இழந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் என் கூட்டங்களுக்கு வருகிறார்கள். 1977 மே மாதம், தோட்டக்காணிகளைப் பிரித்துக்கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார். பொது நன்மை என்று எழுதும்போது அந்தப் 'பொது'வுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சட்டம் இயற்றுபவர் சொல்லியாகவேண்டும். 'மக்கள்' என்ற சொல்லுக்குள் தாமாகவே அடங்கிவிடும் வசதி எங்களுக்கு அப்போது இருக்கவில்லை.

இன்றைய சட்டமூலங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு திருத்தச் சட்டமூலத்தை எடுத்துப் பாருங்கள். அதில் சட்ட விளைவுக் கூற்று என்று ஒன்று இருக்கும். இந்த வாசகம் இன்ன சட்டத்தின் இன்ன பிரிவைத் திருத்துகிறது, திருத்தியபின் அதன் சட்ட விளைவு இன்னது என்று சொல்லும். என்ன மாறுகிறது என்பதற்குப் பதில் உண்டு. ஏன் மாறுகிறது என்பதற்கு வேறெங்காவது தேடவேண்டும். தமிழ்நாட்டில் ஒரு மசோதா வந்தால், அதைக் கொண்டுவரும் அமைச்சரே நோக்கங்களையும் காரணங்களையும் விளக்கிக் கையெழுத்திட்டு அதோடு இணைக்கிறார். கூடலூரில் இருக்கும் என் உறவினர் ஒருவர் அப்படி ஒன்றை அனுப்பியிருந்தார். நாலைந்து பந்திதான், ஆனால் என்ன பிரச்சினை, யார் பாதிக்கப்பட்டார்கள், இந்தச் சட்டம் அதற்கு என்ன செய்யும் என்று வரிசையாக இருந்தது. அதில் சொன்னதெல்லாம் நடந்துவிடும் என்றில்லை. ஆனால் நாளைக்கு அந்த அமைச்சரைப் பார்த்து, நீங்கள் இப்படி எழுதினீர்களே என்று கேட்கலாம். இங்கே சட்டமூலத்தின் மீதான விவாதத்தில், அதாவது இரண்டாம் மதிப்பீட்டில், அமைச்சர் பேசுவதைப் பாராளுமன்ற உரைப் பதிவான ஹன்சாட்டில் தேடிப்பிடித்து வாசிக்கவேண்டும். கொழுந்து பறிக்கும் எந்தப் பெண் அதைத் தேடப்போகிறார்?

சொன்ன நோக்கம் பாதிவழியில் மாறிப்போன கதையும் எங்களுக்கு உண்டு. 2017 இல் மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம் வந்தபோது, வேட்புமனுக்களில் பெண்களுக்கு 30 வீத இடம் என்பதே அதன் நோக்கம் என்றார்கள். நாங்கள் அதை நம்பிப் பேசினோம், மாகாண சபைக்குப் போட்டியிடலாம் என்று ஆர்வத்தோடு இருந்த பெண்களும் இருந்தார்கள். செப்டெம்பரில், பிரிவு பிரிவாக ஆராய்ந்து திருத்தும் குழுநிலைக்கு வந்தபோது திருத்தத்துக்கு மேல் திருத்தம் சேர்த்து, தேர்தல் முறையையே தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக்கி 17 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றினார்கள். குழுநிலையில் சேர்த்ததை உயர் நீதிமன்றம் பார்க்கவில்லை. நிறைவேறிச் சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தை நம் நாட்டில் யாரும் நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தவும் முடியாது. பிறகு அந்தப் புதிய முறைக்கு வேண்டிய தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்து, ஆதரவாக ஒரு வாக்கும் இல்லாமல் 139 வாக்குகளால் தோற்றது. அந்த வருடம் மத்திய மாகாண சபையின் காலமும் முடிந்தது. பெண்களுக்கு இடம் கொடுக்க வந்ததாகச் சொல்லப்பட்ட சட்டத்துக்குப் பிறகு, புதிய தேர்தல் நடக்காததால், மத்திய மாகாண சபை கூடும் பல்லேகலையில் ஆணுக்கும் இடமில்லை, பெண்ணுக்கும் இடமில்லை. எங்கள் மொழியையும் மலையையும் தெரிந்த உறுப்பினர்கள் பக்கத்தில் இருந்து மாகாணத்துக்கான நியதிச்சட்டம் இயற்றவேண்டிய ஒரு மன்றம் அது. அந்த இழப்பைப் பற்றி இங்கே போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்குத் தெம்பு தருவது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் முகவுரை. அரசியலமைப்பின் 14அ உறுப்புரை இந்த உரிமையைத் தந்திருக்கிறது, பொது அதிகாரசபைகளில் வெளிப்படைத்தன்மையும் பொறுப்புக்கூறலும் ஒரு பண்பாடாக வளரவேண்டும், ஊழலை எதிர்த்து மக்கள் பொது வாழ்க்கையில் இன்னும் முழுமையாகப் பங்குபற்றக்கூடிய சமூகம் உருவாகவேண்டும் என்று அது சொல்கிறது. ஏன் என்ற கேள்விக்கு நேரான பதில். கூட்டத்தில் இதை வாசித்தால் நான் மேற்கொண்டு விளக்கவேண்டிய அவசியமே வருவதில்லை. ஒரு தோட்டத்தில் வீட்டுத்திட்டப் பயனாளிகள் பட்டியல் எப்படித் தயாரானது என்று இளைஞர்கள் விண்ணப்பம் போட்டார்கள். "ஏன் கேக்கிறீங்க, காரணம் சொல்லுங்க" என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சொன்னதோடு அந்தத் தம்பிகள் முகவுரையையும் எடுத்து நீட்டியிருக்கிறார்கள். பதினான்கு வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும் என்ற விதியும் இருப்பதால் பதில் வந்தது. பட்டியல் திருந்தியதா என்றால் இரண்டு பெயர் சேர்ந்தது.

நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு சட்டமூலத்தோடும் ஒரு பக்கம், சிங்களத்திலும் தமிழிலும், அமைச்சரின் கையெழுத்தோடு: எந்தக் குறையைத் தீர்க்க இது வருகிறது, யாருக்காக, ஏன் இப்போது. குழுநிலையில் சட்டமூலம் வேறொன்றாக மாறினால் அந்தப் பக்கத்தையும் மாற்றி எழுதட்டும். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள்தான், ஆகவே அதைச் செயலகத்திலும் பிரதேச சபையிலும் அறிவித்தல் பலகையில் ஒட்டுவதில் எந்தத் தடையும் இல்லை. ஒட்டினால் போதும், லயம் வரைக்கும் கொண்டுபோய் வாசித்துக்காட்ட நாங்கள் இருக்கிறோம்.